‘முதல் பெண்’ என்று தொடங்கிய அட்டைகள்

கோவையில் ஆசிரியராக இருந்த காலத்தில், பள்ளிகளுக்கிடையேயான வினாடி வினாப் போட்டிகளுக்குக் கேள்வி எழுதிக் கொடுப்பது சம்பளமில்லாத இரண்டாவது வேலையாக 18 ஆண்டுகள் என்னிடம் ஒட்டிக்கொண்டிருந்தது. அஞ்சலட்டையில் பாதியளவு வெட்டிய காகித அட்டைகளில் முன்பக்கம் கேள்வியையும் பின்பக்கம் விடையையும் எழுதி, ரப்பர் வளையம் போட்டு, பிஸ்கட் டப்பாக்களில் அடுக்கி வைத்திருந்தேன். சென்ற மாதம் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது அந்த டப்பாக்கள் கீழே இறங்கின. தூசி தட்டும் சாக்கில் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனவன், ஒரு கட்டத்தில் எண்ணவே தொடங்கிவிட்டேன். ‘இந்தியாவின் முதல் பெண்’ என்று தொடங்கும் அட்டைகள் மட்டும் 41 இருந்தன. முதல் பெண் மருத்துவர், முதல் பெண் பொறியாளர், முதல் பெண் விமானி, முதல் பெண் ஆளுநர் என்று ஒரே அச்சில் வார்த்த கேள்விகள். பின்பக்கத்தில் ஒரு பெயர், அதைத் தாண்டி ஒரு சொல் கிடையாது.

பெண்களின் சாதனைகளை மாணவர்களிடம் கொண்டுசேர்ப்பதாகவே அப்போது நான் நினைத்திருந்தேன். 41 அட்டைகளையும் தரையில் பரப்பிப் பார்த்தபோதுதான், அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வி அவற்றில் ஒன்றில்கூட இல்லை என்பது உறைத்தது. ஓர் ஆண் அறிவியலாளரைப் பற்றிய அட்டையில் ஒளிச்சிதறல் இருந்தது, நட்சத்திரங்களின் நிறை வரம்பு இருந்தது. பெண்ணைப் பற்றிய அட்டையில் அவர் வாசற்படியைத் தாண்டியது மட்டும் இருந்தது. தாண்டி உள்ளே போனபின் 40 ஆண்டுகள் என்ன வேலை செய்தார் என்பதைப் பற்றி கேள்வி எழுதியவனுக்கே அக்கறை இருக்கவில்லை.

இந்த ‘முதல்’ என்ற சொல்லால் வந்த சண்டைகளும் நினைவுக்கு வருகின்றன. முதல் பெண் மருத்துவர் ஆனந்திபாய் ஜோஷியா, காதம்பினி கங்குலியா என்று ஒரு போட்டியில் இரண்டு பள்ளிகளின் ஆசிரியர்கள் மேடையருகே வந்து வாதாடினார்கள். ஒருவர் பிலடெல்பியாவிலும் மற்றவர் கல்கத்தாவிலும் பட்டம் பெற்றது ஒரே 1886-ஆம் ஆண்டில்தான். ஆனந்திபாய் நாடு திரும்பி, தொழிலைத் தொடங்குமுன்பே 1887 பிப்ரவரியில் காசநோயால் இறந்துபோனார். காதம்பினி பல ஆண்டுகள் கல்கத்தாவில் நோயாளிகளைப் பார்த்தார். அன்றைக்கு மாதக் கணக்கை வைத்து நான் தீர்ப்புச் சொன்னேனே தவிர, இந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

ஆகவே அந்த 41-இல் சில அட்டைகளின் பின்பக்கத்தை இப்போது ஒழுங்காக எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் எடுத்தது, நான் வாழும் ஊரோடு தொடர்புடையது என்பதால், எடவலத்து கக்காட் ஜானகி அம்மாளின் அட்டை. ‘அமெரிக்காவில் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் யார்?’ என்பது கேள்வி. மருதமலைச் சாலையில் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் மதிற்சுவரை ஒட்டிப் பேருந்தில் பல்லாயிரம் முறை போயிருக்கிறேன். உள்ளே அவர் ஐந்து ஆண்டுகள் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்திருந்தார் என்பது, இந்தக் கேள்வியை எழுதிய நாளில் எனக்குத் தெரியாது.

1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில், தீயர் சமூகத்தில், நீதித்துறை அதிகாரியின் மகளாகப் பிறந்தவர் அவர். உடன்பிறந்தோர், மாற்றாந்தாய் மக்கள் எல்லோரையும் சேர்த்தால் வீட்டில் 19 பிள்ளைகள். சகோதரிகள் ஒவ்வொருவராகத் திருமணமாகிப் போக, இவர் சென்னைக்குப் படிக்க வந்தார். இராணி மேரிக் கல்லூரியில் பட்டப்படிப்பு, மாநிலக் கல்லூரியில் 1921-இல் தாவரவியல் ஆனர்ஸ், பின்னர் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி என்று சென்னையில் நிலைத்திருந்தவர், கிழக்கு நாடுகளின் பெண்களுக்கென ஏற்பட்டிருந்த பார்பர் உதவித்தொகையைப் பெற்று மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1931-இல் முனைவர் பட்டத்தோடு திரும்பினார். என் அட்டை இத்தோடு முடிந்துவிடுகிறது. அவருக்கு அப்போது வயது 33; அதன் பிறகு இன்னும் 53 ஆண்டுகள் உயிரோடு இருந்தார், கடைசி வரை ஆய்வு செய்துகொண்டிருந்தார்.

திருவனந்தபுரத்தில் இரண்டு ஆண்டுகள் பேராசிரியராக இருந்துவிட்டு, 1934-இல் கோவைக் கரும்பு நிலையத்துக்கு வந்தார். அந்த நிலையம் 1912-இல் கோவையில் அமைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கரும்பு எல்லா இடத்திலும் பூப்பதில்லை. பூத்தாலும் முளைக்கக்கூடிய விதை வைப்பதில்லை. கோவையின் தட்பவெப்பத்தில் அது நன்றாகப் பூத்தது. பூத்தால்தான் ஒரு கரும்பின் மகரந்தத்தை இன்னொன்றின் பூங்கதிரில் சேர்க்க முடியும். சேர்த்தால்தான் புதிய ரகம். வட இந்தியாவில் அக்காலத்தில் விளைந்த கரும்புகள் மெலிந்தவை, சர்க்கரைச் சத்து குறைந்தவை. பொங்கலுக்கு நாம் கடித்துத் தின்கிற கரும்பைப் போலத் தடித்து, சாறு மிகுந்து, இனிப்பான ‘உயர்குலக் கரும்பு’ வகையோ வடக்கின் குளிரையும் நோயையும் தாங்கவில்லை. இனிப்பான அந்தக் கரும்பை, ஆற்றங்கரையில் தானாக வளர்ந்து கிடக்கும் முரட்டு நாணலோடு கலந்தால் என்ன என்பதுதான் கோவையில் நடந்த சோதனை. அதில் பிறந்த முதல் வெற்றிகரமான கலப்பினமாகிய கோ 205, 1918-இல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜானகி அம்மாளைப் பாராட்டி அண்மைக் காலத்தில் எழுதுகிறவர்களில் பலர், ‘இந்தியக் கரும்பை இனிக்கச் செய்தவர் இவரே’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கோ 205 வெளிவந்த ஆண்டில் அவர் சென்னையில் கல்லூரி மாணவி; அந்த ரகத்தை உருவாக்கியவர்கள் கோவை நிலையத்தின் ஆய்வாளர்களான சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும். ஒரு பெண்ணின் சாதனை மறைக்கப்பட்டது என்று நினைத்து, அவர் செய்யாத ஒன்றை அவர் தலையில் தூக்கி வைப்பது, அவர் செய்ததைப் படிக்காமல் தப்பித்துக்கொள்ளும் வழி என்றே நினைக்கிறேன். என் பழைய அட்டைகளில் இருந்ததும் அதே சோம்பல்தான்.

அவர் செய்தது வேறு. ஒரு வகையில் அதைவிடக் கடினமானது. நாணலையும் கரும்பையும் கலந்தால் சில வாரிசுகள் ஓங்கி வளர்கின்றன, சில சூம்பிப் போகின்றன, சில மலடாகின்றன. ஏன் அப்படி என்பது செல்லுக்குள்ளே, மரபுப் பண்புகளைச் சுமக்கும் நுண்ணிய குச்சிகளாகிய குரோமோசோம்களில் இருக்கிறது. உயர்குலக் கரும்பில் குரோமோசோம்கள் 80. நாணலிலோ இடத்துக்கு இடம், செடிக்குச் செடி மாறி, 40 முதல் 128 வரை போகும். இரண்டும் கலந்த பிள்ளையில் நூற்றுக்கு மேற்பட்ட, தூசி போன்ற குச்சிகள் ஒரே செல்லில் குவிந்து கிடக்கும். வேரின் நுனியையோ இளம் மகரந்தப் பையையோ எடுத்துச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டின் மேல் பரப்பி, அந்தக் குச்சிகளை எண்ணி, எது எதோடு இணைகிறது என்று பார்த்து, கையால் வரைந்து பதிவு செய்ய வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் வெங்காய வேர் நுனியில் 16 குரோமோசோம்களை எண்ணுவதற்குள் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது நினைவிருக்கிறது. வெங்காயத்தின் குரோமோசோம்கள் ஒப்பளவில் பூதாகரமானவை.

இதோடு நில்லாமல், கரும்பின் தூரத்து உறவுகளாகிய வேறு பேரினப் புற்களோடும் அவர் கரும்பைக் கலந்து பார்த்தார். சோளம், தர்ப்பை இனத்துப் புல், நம் பக்கத்தில் பேய்க்கரும்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிற முரட்டுக் காட்டினங்கள் இவற்றோடெல்லாம் கலந்து பிறந்த வாரிசுகளின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்த செய்தி 1938-இல் ‘நேச்சர்’ இதழில் அவர் பெயரில் வந்தது. பட்டினத்தார் கையில் பேய்க்கரும்பின் நுனி இனித்தது என்பது கதை. அந்தக் கசப்பான உறவினங்களுக்குள் கரும்புக்கு வேண்டிய எது ஒளிந்திருக்கிறது என்று தேடுவது பின்னர் இனப்பெருக்கத் துறையின் நிரந்தர வேலைகளுள் ஒன்றாகவே ஆயிற்று. செவ்வழுகல் நோயைத் தாங்குவதற்கும், வறட்சியில் நிற்பதற்கும், வெட்டியபின் கட்டைக் கரும்பு தழைத்து வருவதற்கும் வேண்டிய பண்புகளைக் காட்டினங்களில்தான் இன்றும் தேடுகிறார்கள்.

கோவை அவரை அன்போடு வைத்திருக்கவில்லை. மணமாகாத பெண், அதிலும் தாழ்வாகக் கருதப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர், ஆண்கள் மட்டுமே நிறைந்த நிலையத்தில் அவர்களைவிடப் பெரிய பட்டத்தோடு உட்கார்ந்திருந்தார் என்பதால் உண்டான உரசல்களைப் பற்றி அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சர் சி. வி. இராமன் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமி அவரை 1935-லேயே உறுப்பினராகத் தேர்ந்தது. அதனால் உள்ளூரில் ஒன்றும் மாறிவிடவில்லை. 1939 ஆகஸ்டில் எடின்பரோவில் கூடிய உலக மரபியல் மாநாட்டுக்குப் போனார். மாநாடு முடிவதற்கும் போர் வெடிப்பதற்கும் சரியாக இருந்தது. அவர் திரும்பவில்லை, இலண்டனின் தென்பகுதியில் மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் உதவி செல்லியலாளராகச் சேர்ந்துகொண்டார். இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் பதுங்கிவிட்டு, காலையில் அலமாரித் தட்டுகளின் மேல் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துத் தள்ளி வேலையைத் தொடர்ந்தார் என்று அவர் குடும்பத்தில் சொல்வார்கள். சேலைக் கொசுவத்துக்குள் ஓர் அணிலை மறைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார் என்றும் ஒரு கதை உண்டு. விவாதிக்காமல் ரசித்துவிட வேண்டிய கதை அது.

அந்தப் போர்க்காலத்தில்தான் ஆங்கிலேயச் செல்லியலாளர் சி. டி. டார்லிங்டனும் அவரும் சேர்ந்து, மனிதன் பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளை உலகெங்கும் நடந்த ஆய்வுகளிலிருந்து திரட்டி, ‘பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்’ என்ற பெருநூலை உருவாக்கினார்கள். 1945-இல் அது வெளிவந்தது. வெறும் எண்களின் பட்டியல் என்று தோன்றும்; அப்படி அல்ல. ஒரு பயிரின் காட்டு முன்னோர் எது, அது எந்த நாட்டில் இருந்தது, எந்தக் கட்டத்தில் அதன் குரோமோசோம்கள் இரட்டித்தன என்று தெரிந்தால், அந்தப் பயிரைக் கையில் எடுத்துக்கொண்டு மனிதர்கள் எங்கிருந்து எங்கே நடந்தார்கள் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். செடியின் செல்லுக்குள் மனித வரலாறு எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டிய நூல் அது. 10 ஆண்டுகள் கழித்து, 1955-இல் பூக்கும் தாவரங்கள் அனைத்துக்குமாக விரிவாக்கப்பட்டு இரண்டாம் பதிப்பு வந்தபோது, டார்லிங்டன் பெயருக்குப் பக்கத்தில் வேறொருவர் பெயர் இருந்தது. புதிய பதிப்பில் உழைத்தவரின் பெயர் வந்ததில் தவறில்லை. ஆனால் பின்னால் வந்தவர்கள் கையில் எடுத்தது அந்தப் பெரிய நூலைத்தான். ஜானகி அம்மாளின் பெயர் அதன் முகப்பில் இல்லை. மறதி பெரும்பாலும் இப்படித்தான் யாருடைய வஞ்சகமும் இல்லாமல், பதிப்புக்குப் பதிப்பு, அலுவல் நடைமுறையாகவே நடந்துவிடுகிறது.

போர் முடிந்தபின் இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் அவரை விஸ்லியில் உள்ள தன் தோட்டத்துக்குச் செல்லியலாளராக அழைத்துக்கொண்டது. அங்கே அவர் கொல்கிசின் என்ற நச்சுப் பொருளை மரக்கன்றுகளின் நாற்றுக்கும் துளிருக்கும் கொடுத்துப் பார்த்தார். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்லும் நூல்களை அந்தப் பொருள் செயலிழக்கச் செய்துவிடும். பிரியவேண்டியவை பிரியாமல் ஒரே செல்லில் இரட்டிப்பாகத் தங்கும். அப்படி வளரும் செடியின் இலை தடிக்கும், பூ பெருக்கும். மக்னோலியா மரங்களில் அவர் செய்த இந்தச் சோதனையின் விளைவுகள் விஸ்லியின் பேட்டில்ஸ்டன் குன்றில் நின்றன. ‘ஜானகி அம்மாள்’ என்றே பெயரிடப்பட்ட வெள்ளை மக்னோலியா ரகம் ஒன்று இன்றும் உண்டு. கொல்கிசின் ஐரோப்பாவில் ஒரு குங்குமப்பூப் போன்ற செடியிலிருந்து எடுக்கப்படுவது. அதே பொருள் நிறைந்திருக்கும் இன்னொரு செடி நம் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று கம்பிப் பந்தலில் ஏற்றி, மருந்து நிறுவனங்களுக்காக அதன் விதையை ஏக்கர் கணக்கில் விளைவிக்கிறார்கள். இதை இங்கே சொல்லிவைப்பதற்குக் காரணம் கடைசியில் வரும்.

நேருவின் அழைப்பின் பேரில் 1951-இல் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். அந்தக் காலத்தில் அவருக்கு உண்டான கசப்புகள் தனிக்கதை, விரிக்கவில்லை. அவர் பார்வை மாறியதுதான் இங்கே முக்கியம். சில்லாங்கிலிருந்து 37 மைல் போய், அந்தப் பகுதியில் எஞ்சியிருந்த ஒரே ஒரு அரிய மக்னோலியா மரத்தைத் தேடி, அது எரிக்கப்பட்டுவிட்டதைக் கண்டு டார்லிங்டனுக்குக் கடிதம் எழுதினார். உணவு உற்பத்தியைப் பெருக்கும் இயக்கம் காட்டை அழித்துக்கொண்டிருந்த காலம். 1955-இல் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மனிதன் எவ்வாறு மாற்றியிருக்கிறான் என்பது பற்றி நடந்த புகழ்பெற்ற கருத்தரங்கில் பேச அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர். பேசியது, இந்தியாவின் பிழைப்புப் பொருளாதாரத்தையும் பழங்குடி மக்களின் தாவர அறிவையும் பற்றி. சுற்றுச்சூழல் என்ற சொல் நம் செய்தித்தாள்களுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பு நடந்தது இது.

1970-இல் சென்னைக்கு வந்து, சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதுரவாயல் கள ஆய்வகத்தில் தங்கினார். இன்று மதுரவாயல் என்றால் மேம்பாலமும் லாரி வரிசையும்தான் நினைவுக்கு வரும். அங்கே மூலிகைச் செடிகளுக்கும் பூனைகளுக்கும் நடுவே, மஞ்சள் சேலையில், 70 வயதைக் கடந்த ஒருவர் நாற்றுகளின் வேர் நுனியை நறுக்கிக்கொண்டிருந்தார். கேரளத்தில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டி அமைதிப் பள்ளத்தாக்கின் காட்டை மூழ்கடிக்கும் மின்திட்டத்தை எதிர்த்து இயக்கம் எழுந்தபோது, 80 வயதில் அதற்குத் தன் பெயரைக் கொடுத்ததோடு நில்லாமல், அந்தக் காட்டின் தாவரங்களுடைய குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் ஆய்வை முன்னின்று நடத்தினார். எதிர்ப்பு என்றாலும் எண்ணிப் பார்த்துத்தான் எதிர்ப்பது என்ற அந்தக் குணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1984 பிப்ரவரியில் அவர் இறந்தார். அந்த ஆண்டு நவம்பரில் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனைகட்டி, அட்டப்பாடி வழியாக முக்காலி போய், அந்தக் காட்டின் விளிம்பில் மாணவர்களோடு மூன்று முறை நின்றிருக்கிறேன். மூன்று முறையும் சிங்கவால் குரங்கைப் பற்றித்தான் சொன்னேன்.

இரண்டாவது அட்டை சிறியது. ‘கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண்?’ விடை: அ. லலிதா. 15 வயதில் திருமணம். 18 வயதில், கைக்குழந்தையோடு கைம்பெண். அக்காலச் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் அதன்பின் என்ன நடந்திருக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. அவர் தந்தை பப்பு சுப்பா ராவ் கிண்டியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளை 1940-இல் அங்கேயே சேர்த்துவிட்டார். அந்தக் கல்லூரியின் சான்றிதழ்கள் ஆண்பாலிலேயே அச்சடிக்கப்பட்டிருந்ததால், 1943-இல் ஆங்கிலத்தில் ‘அவன்’ என்று இருந்த சொல்லை அடித்துவிட்டு ‘அவள்’ என்று திருத்திக் கொடுத்தார்கள். எல்லோரும் சொல்லும் நிகழ்ச்சி இது. நானும் பல மேடைகளில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதே காலத்தில் அங்கே கட்டடப் பொறியியல் முடித்த பி. கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் இருந்தார்கள் என்பதையும், திரேசியா பின்னர் 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராகவே ஆனார் என்பதையும் சொன்னதில்லை. ‘முதல்’ என்ற கேள்வியில் ஒருவருக்குத்தானே இடம். லலிதா கல்கத்தாவில் ஒரு மின்கருவி நிறுவனத்தில் 30 ஆண்டுகளுக்கு அருகே வேலை பார்த்தார். மின்கடத்தித் தடங்கள், துணைமின் நிலையங்களின் அமைப்பு, பழுது நேரும்போது மின்னோட்டத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவிகள் இவற்றின் வடிவமைப்பு அவர் பொறுப்பு. பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியும் அதில் அடக்கம். சிம்லாவுக்கும் கல்கத்தாவுக்கும் அவர் வேலை தேடிப் போனதற்குக் காரணம் அங்கே சகோதரர்கள் இருந்ததுதான். பகலில் மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். குழந்தையை எங்கே விடுவது என்ற கணக்கை முதலில் போட்டுவிட்டுத்தான் அவர் மின்சாரத்தைக் கணக்கிட முடிந்தது.

மூன்றாவது, அன்னா மணி. இந்த அட்டையை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. ஏனென்றால், பெண் என்பதால் தன்னைத் தனியே எடுத்துப் பேசுவதை அவரே விரும்பியதில்லை. அறிவியலில் பெண்ணாக இருப்பது பற்றிக் கேட்டவர்களிடம், இதில் என்ன பெரிய செய்தி இருக்கிறது என்கிற தோரணையில்தான் பதில் சொன்னார். அப்படிப்பட்டவரை நான் ‘முதல் பெண் வானிலையாளர்’ என்று ஒற்றை வரியில் அடைத்து வைத்திருந்தேன்.

பீர்மேட்டில் ஏலத் தோட்டங்கள் வைத்திருந்த குடும்பத்தில் 1918-இல் பிறந்தார். எட்டாவது பிறந்தநாளுக்கு வழக்கப்படி வைரத்தோடு வாங்கித் தர முன்வந்தபோது, அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்ட பெண், பின்னாளில் பெங்களூரில் இராமனின் ஆய்வகத்தில் வைரங்களோடுதான் ஐந்து ஆண்டுகள் கழித்தார் என்பதைக் காலத்தின் குறும்பு என்று சொல்லலாம். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வையும் ஒளி உட்கவர்தலையும் பதிவு செய்தார். ஒரு படத்தட்டில் ஒளி பதிய 15, 20 மணி நேரம் ஆகும். பல இரவுகள் ஆய்வகத்திலேயே கழிந்தன. 1942-க்கும் 1945-க்கும் இடையில் தனியாளாக ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டு, ஆய்வேட்டையும் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்து, உதவித்தொகையோடு ஆய்வுக்குத் தேர்வானவர் என்பது கணக்கில் வரவில்லை. பைண்டு செய்த அந்த ஆய்வேடு, பட்டம் பெற்றவர்களுடைய ஏடுகளோடு பெங்களூரில் இராமன் ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தில் இருக்கிறது.

அவரோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், இலண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்துவிட்டு 1948-இல் புனே வானிலைத் துறையில் சேர்ந்தார். அப்போது மழைமானி, காற்றழுத்தமானி போன்ற எளிய கருவிகளைக்கூட நாம் பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். ஏறக்குறைய 100 கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, பட்டறையில் இங்கேயே செய்யவைத்தார். தவறான அளவீடு அளவீடே இல்லாமல் இருப்பதைவிட மோசம் என்பது அவர் கொள்கை. 1957-58 உலகப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி நாடு முழுவதும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நிறுவினார். வளிமண்டலத்தின் ஓசோனை அளக்க பலூனில் ஏற்றி அனுப்பும் கருவியை உள்நாட்டிலேயே உருவாக்கினார். தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்தபோது அங்கே வானிலைக் கருவிகள் பொருத்திய கோபுரத்தை எழுப்பித் தந்தார். 1976-இல் ஓய்வு பெற்றபின்தான், என் பார்வையில், அவருடைய மிகப் பயனுள்ள வேலைகள் வந்தன: இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகள் பற்றிய கையேடு 1980-இல், காற்று ஆற்றல் தரவுகள் 1983-இல். எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்த உயரத்தில், எவ்வளவு வேகத்தில் காற்று வீசுகிறது என்று அளந்து அச்சிட்ட பக்கங்கள் அவை. கதை போல எடுத்துப் படிக்க முடியாது. 1986-இல் தூத்துக்குடிக் கடலோரத்தில் சோதனைக் காற்றாலைகள் சுழன்றன. பின்னர் ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு என்று அவை பெருகின. நாகர்கோவில் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து அந்த வெள்ளை இறக்கைகளைப் பார்த்து வியக்கிறவர்கள் யாரும் காற்றை அளந்தவரை நினைப்பதில்லை. நினைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற ஆளும் அவர் அல்ல.

இப்படி ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்ததில் ஒன்று விளங்கியது. இவர்கள் செய்த வேலை பெரும்பாலும் பிறர் ஏறி நிற்கும் தளம்: எண்ணிக்கை, அட்டவணை, கையேடு, காப்புக் கருவி, தரப்படுத்திய வரைபடம். ஒரு நாளில் ‘கண்டுபிடித்தேன்’ என்று கூவக்கூடிய வேலை அல்ல. அத்தகைய வேலையைச் செய்த ஆண்களையும் உலகம் மறந்துதான் இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு அட்டையே இருக்காது. பெண்களுக்கு அட்டை இருக்கிறது, அதில் வேலை இல்லை.

சென்ற வாரம் பழைய நண்பர் ஒருவர், தம் பள்ளியின் போட்டிக்குப் பத்துக் கேள்விகள் வேண்டும் என்று கேட்டார். ஒன்றை இப்படி எழுதினேன்: ‘ஜானகி அம்மாள் மக்னோலியா மரங்களின் குரோமோசோம்களை இரட்டிக்கப் பயன்படுத்திய பொருள், நம் மாநில மலரின் விதையிலும் இருக்கிறது. அது எது?’ நண்பர் படித்துவிட்டு, “ஐயா, கேள்வியை வாசிக்கவே பதினைந்து வினாடி ஆகிவிடும் போலிருக்கிறதே, பழையபடி முதல் பெண் யார் என்றே கேட்டுவிடலாமே” என்றார். கேட்டுத்தான் பாருங்கள் என்றேன்.

மேடையில் இருந்த நான்கு அணிகளுக்கும் விடை தெரியவில்லை. பார்வையாளர்களுக்கு விட்டபோது, பின்வரிசையிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து “கொல்கிசின்” என்றாள். எப்படித் தெரியும் என்று நண்பர் கேட்டார். அவர்கள் ஊர் மூலனூர்ப் பக்கம். வீட்டில் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறார்கள். பூச்சிகளை நம்பினால் காய் பிடிக்காது என்பதால், பூக்கும் பருவத்தில் விடிகாலையில் அம்மாவோடு பந்தலுக்குள் குனிந்து போய், பூப்பூவாக மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கிற வேலையை அவளும் செய்திருக்கிறாள். விதை வாங்க வருகிற வியாபாரி சொல்லிக் கேட்ட சொல்லாம் அது.

போட்டி முடிந்து, பரிசுப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு என்னிடம் வந்து நின்றாள். “அந்த அம்மா கரும்புக்கும் இப்படிக் கையாலதான் மகரந்தம் வெச்சாங்களா சார்?” என்று கேட்டாள். ஆமாம், அதுவும் விடிகாலையில்தான் என்றேன்.